எட்டவிருந்து இயற்றும் வினையும் இசைவுப் படிகளும்

எட்டவிருந்து ஒரு வினையை இயற்றுதல் நமக்குப் புதிதன்று. சுவரிலுள்ள பொத்தானை அழுத்தினால் கூரையிலுள்ள விளக்கு எரிகிறது. தரையிலிருந்து அனுப்பும் கட்டளைக்கு இணங்கி விண்கலம் தன் திசையை மாற்றிக் கொள்கிறது. இவற்றிலெல்லாம் கம்பி வழியாகவோ காற்று வழியாகவோ செல்வது ஒரு கட்டளை. அது இன்னதென்று அனுப்புவோருக்கும் தெரியும், பெறுவோருக்கும் தெரியும். வேண்டுமானால் அதனை எழுதி வைத்துக் கொள்ளலாம், படியெடுக்கலாம், இடைவழியில் ஒருவர் ஒட்டுக் கேட்கவும் கூடும்.

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் இதனினும் சற்று நுட்பமானது. வினை இன்னதென்று பெறுவோருக்குத் தெரியாது. பொருள் இன்ன நிலையில் இருக்கிறதென்று வினை செய்வோருக்குத் தெரியாது. இருவருக்கும் இடையே செல்லும் செய்தியிலிருந்து இவ்விரண்டில் எதனையும் கண்டறிய இயலாது. ஆயினும் வினை, குறித்த பொருளின்மேல், குறித்தவாறே நிகழ்ந்து விடுகிறது. அதுவும் மூன்றாமவர் ஒருவரோ, படிப்படியாக அமைந்த பலரோ இசைந்தால்தான் நிகழ்கிறது. குவாண்டம் பௌதிகம் இதற்கு வழி வகுத்திருக்கிறது.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாம் வழங்கும் கணிப்பொறிகள் 0, 1 என்னும் இரண்டே குறிகளைக் கொண்டு இயங்குகின்றன. அந்தக் குறியைப் பிட் என்பர். குவாண்டம் கணிப்பொறியின் அடிப்படை அலகு கியூபிட் எனப்படும். இதனை விளக்குவதற்குப் பள்ளிக்கூடத்துப் பூகோள உருண்டையைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை. உருண்டையின் வட துருவம் 0 என்றும், தென் துருவம் 1 என்றும் கொள்ளுங்கள். சாதாரணப் பிட் இவ்விரண்டு துருவங்களில் ஒன்றில்தான் இருக்க முடியும். கியூபிட்டோ உருண்டையின் மேற்பரப்பில் எந்தப் புள்ளியிலும் இருக்கலாம். அப்புள்ளிக்கு ஓர் அட்சரேகை உண்டு. ஒரு தீர்க்கரேகை உண்டு. துருவங்களை வைத்து அளந்து பார்த்தால் 0 வருமா 1 வருமா என்னும் வாய்ப்பை அட்சரேகை காட்டும். தீர்க்கரேகை அந்த அளவீட்டில் தலைகாட்டுவதே இல்லை. ஆனால் குவாண்டம் கணிப்பின் திறமெல்லாம் பெரும்பாலும் அந்தத் தீர்க்கரேகையில்தான் ஒளிந்திருக்கிறது. ஒரு கியூபிட்டின்மேல் வினை செய்தல் என்றால், இந்த உருண்டையை ஏதேனும் ஓர் அச்சைப் பற்றித் திருப்புதல் என்றே பொருள்.

இந்தப் பொருளுக்கு இரண்டு இயல்புகள் உண்டு. அளந்தால் அதன் பழைய நிலை அழிந்துவிடும் என்பது ஒன்று. தெரியாத நிலையிலுள்ள கியூபிட்டைப் படியெடுக்க முடியாது என்பது மற்றொன்று. இதனை 1982-ஆம் ஆண்டில் வூட்டர்ஸ், சூரெக் என்னும் இருவரும், அவர்களின் வேறாக டீக்ஸ் என்பாரும் நிறுவினர். ஆகவே ஒருவர் கையிலுள்ள கியூபிட் அவருக்கு ஒரே பிரதி. அது கெட்டுப்போனால் போனதுதான். இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசும்போது இதுவே நமக்குப் பெரிய கவலையாக வந்து நிற்கும்.

இனி, பின்னல் என்னும் உறவு. இரண்டு துகள்களை ஒருவகையாகச் சேர்த்துப் பிறப்பித்தால், எவ்வளவு தொலைவில் பிரித்து வைத்தாலும், தனித்தனியே நிலையில்லாமல் இரண்டும் சேர்ந்தே ஒரு நிலையுடையனவாக இருக்கும். 1935-இல் ஐன்ஸ்டைன், போடோல்ஸ்கி, ரோசன் ஆகிய மூவரும் இதனைச் சுட்டிக்காட்டி ஐயுற்றனர்; அதே ஆண்டில் ஷ்ரோடிங்கர் அதற்குப் பெயர் வைத்தார். ஐயத்தைச் சோதனையால் தீர்த்தமைக்காக ஆஸ்பே, கிளௌசர், சைலிங்கர் ஆகியோர் 2022-இல் நோபல் பரிசு பெற்றனர். இந்தப் பின்னலைச் செலவிட்டு ஒரு கியூபிட்டின் நிலையை வேறிடத்தில் தோற்றுவிக்கலாம் என்று 1993-இல் பென்னெட்டும் அவருடைய தோழர் ஐவரும் காட்டினர். டெலிபோர்ட்டேஷன் என்று அதற்குப் பெயர். தொலைப்பெயர்வு என்று நாம் சொல்லிக் கொள்ளலாம். நான்கு ஆண்டுகளில் அது சோதனையிலும் நிறைவேறியது.

நிலையைப் பெயர்க்கலாமென்றால் வினையைப் பெயர்க்கலாகாதா என்ற வினா உடனே எழுமன்றோ? 2001-இல் ஊயெல்கா, வக்காரோ, செஃபில்ஸ், பிளெனியோ ஆகிய நால்வர் இதனை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தனர். இத்துறையில் இருவரைக் குறிப்பதற்கு ஆலிஸ், பாப் என்ற பெயர்களை வழங்குவது மரபு. நாமும் அவ்வாறே வழங்குவோம். ஆலிஸிடம் ஒரு கருவி இருக்கிறது. அது கியூபிட்டின்மேல் ஏதோ ஒரு வினையைச் செய்யும். பாபிடம் ஒரு கியூபிட் இருக்கிறது. கருவியும் நகராது; பாபும் நகரமாட்டார். எளிய வழி என்னவென்றால், பாப் தம் கியூபிட்டின் நிலையைத் தொலைப்பெயர்வால் ஆலிஸுக்கு அனுப்புவது. ஆலிஸ் வினையைச் செய்து அதே முறையில் திருப்பி அனுப்புவது. துணியைச் சாயப்பட்டறைக்கு அனுப்பித் திரும்பப் பெறுவது போன்றது இது. இதற்குப் பின்னல் இணைகள் இரண்டும், போகவர ஒவ்வொரு திசையிலும் இரண்டு பிட் செய்தியும் செலவாகின்றன. எந்த வினையானாலும் செய்தாக வேண்டும் என்று கேட்டால் இதனினும் மலிவான வழி இல்லை என்பது அந்த நால்வரின் முடிவு.

ஆனால் வினையின் வகையை ஓரளவு வரையறுத்துவிட்டால் செலவு பாதியாகிறது. அடுத்த ஆண்டு, 2002-இல், ஊயெல்கா, பிளெனியோ, வக்காரோ ஆகியோர் இதனைக் காட்டினர். பூகோள உருண்டையை அதன் துருவ அச்சைப் பற்றி மட்டுமே ஆலிஸின் கருவி திருப்பும் என்று வைத்துக் கொள்வோம். அப்போது அட்சரேகை மாறாது; தீர்க்கரேகை மட்டும் ஏதோ ஒரு கோணம் நகரும். எவ்வளவு கோணம் என்பது பாபுக்குத் தெரியாது. ஆலிஸுக்கே தெரிய வேண்டுவதில்லை. இந்த வினைக்கு ஒரே ஒரு பின்னல் இணையும், திசைக்கு ஒரு பிட் செய்தியும் போதும்.

அது நடக்கும் முறையைச் சற்று நிதானமாகக் கேளுங்கள். பின்னல் இணையில் ஒரு துகள் ஆலிஸிடமும் மற்றொன்று பாபிடமும் இருக்கின்றன. பாப் தம் கியூபிட்டையும் தம்மிடமுள்ள பின்னல் துகளையும் ஒன்றோடொன்று உறவாட விட்டு, அந்தப் பின்னல் துகளை அளக்கிறார். வருகிற விடை 0 அல்லது 1. கியூபிட்டின் நிலையைப் பற்றி அவ்விடை ஒன்றும் சொல்லாது. கியூபிட்டும் தொலைவிலுள்ள துகளும் ஒத்து நிற்கின்றனவா, எதிர்த்து நிற்கின்றனவா என்பதை மட்டும் சொல்லும். அந்த ஒரு பிட்டைத் தொலைபேசியில் ஆலிஸுக்குச் சொல்கிறார். 1 என்று வந்தால் ஆலிஸ் தம் துகளை மேல்கீழாகப் புரட்டுகிறார். 0 என்றால் வாளாவிருக்கிறார். இப்போது பாபின் கியூபிட்டில் இருந்த நிலை பாபிடம் மட்டும் இல்லை. ஆலிஸின் துகளும் அதில் பங்காளியாகிவிட்டது. ஆலிஸ் தம் கருவியைத் தம் துகளின்மேல் செலுத்துகிறார். பொதுச்சொத்தில் ஒரு பங்காளி செய்த திருத்தம் சொத்து முழுவதற்கும் ஆவதுபோல, அத்திருப்பம் இருவருக்கும் பொதுவாகிறது. இனி ஆலிஸ் தம் பங்கைக் கழற்றிக் கொள்ள வேண்டும். துருவத் திசையில் அளந்தால் எல்லாம் கெடும். ஆகவே நிலநடுக்கோட்டுத் திசையில் அளக்கிறார். விடையை ஒரு பிட்டாகப் பாபுக்குச் சொல்கிறார். 0 என்றால் வேலை முடிந்தது. 1 என்றால் பாப் தம் உருண்டையை 180 பாகை திருப்ப வேண்டும். அவ்வளவே.

இதில் வியப்பு எங்கே என்று கேட்பீர்கள். ஆலிஸின் கோணம் 37.2864... என்று தசமத் தானங்கள் முடிவின்றி நீளும் ஓர் எண்ணாக இருக்கலாம். அதனை எழுத்தால் அனுப்ப முயன்றால் தாள் போதாது. ஆயினும் கம்பி வழியே பாபுக்கு வந்ததெல்லாம் ஒரு 0 அல்லது ஒரு 1. அந்தப் பிட்டுக்கும் கோணத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. நாணயம் சுண்டினாற்போல் வருவது அது. கோணம் கம்பியில் ஏறவே இல்லை. இதனால் ஒளியைவிட விரைவாகச் செய்தி அனுப்பலாம் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள், அது பொருந்தாது. அந்தப் பிட் வந்து சேரும்வரை பாபின் தீர்க்கரேகை சரியானதாகவும் இருக்கலாம், 180 பாகை தப்பியதாகவும் இருக்கலாம்; இரண்டுக்கும் வாய்ப்புச் சமம். தொலைபேசி ஒலிக்கும்வரை அவருக்கு ஒரு பயனுமில்லை.

கட்டுப்பாடு நுழைவதும் இந்தச் சந்தின் வழியாகத்தான். இணைக்குப் பதிலாக மூன்று துகள்களைப் பின்னி, மூன்றாவதைச் சார்லி என்னும் ஒருவரிடம் கொடுத்து வைப்போம். இத்தகைய மும்மைப் பின்னலைக் கிரீன்பெர்கர், ஹார்ன், சைலிங்கர் ஆகியோர் ஆராய்ந்தனர். அதனைக்கொண்டு மூன்றாமவர் இசைவின்றி நடவாத தொலைப்பெயர்வை 1998-இல் கார்ல்சன், பூரெனான் என்பார் வகுத்தனர். சார்லி தம் துகளை நிலநடுக்கோட்டுத் திசையில் அளந்து, வந்த ஒரு பிட்டை அறிவித்தால்தான் பாபின் தீர்க்கரேகையில் உள்ள 180 பாகை ஐயம் நீங்கும். ஆலிஸ் சொன்ன பிட்டும் சார்லி சொன்ன பிட்டும் சேர்ந்தே திருப்ப வேண்டுமா வேண்டாவா என்பதை முடிவு செய்கின்றன. சார்லி மௌனமாக இருந்தால், பாபிடம் அட்சரேகை இருக்கும், தீர்க்கரேகை இராது. நம் வினையோ முற்றிலும் தீர்க்கரேகையைப் பற்றியது. ஆதலால் வினையில் ஒரு சிறு பகுதிகூட அவருக்குக் கிட்டாது.

சார்லி எப்போது பேச வேண்டும் என்பதிலும் ஒரு நயம் உண்டு. தொடக்கத்திலேயே பேச வேண்டும் என்பதில்லை. ஆலிஸ் தம் வேலையை முடித்து வீடு சென்றபின், பாப் காத்திருக்கும்போது, இறுதியாகவும் சார்லி தம் இசைவைத் தரலாம்.

இதனைக் கேட்கும்போது, நெடுங்காலம் பள்ளியில் பணியாற்றிய எனக்குப் பொதுத்தேர்வு வினாத்தாள் கட்டுகளே நினைவுக்கு வருகின்றன. அரக்கு முத்திரையிட்ட கட்டு வரும். தலைமைக் கண்காணிப்பாளர் தனியே அதனைப் பிரித்தல் ஆகாது. உடன் இருவர் சாட்சி நிற்க, குறித்த மணியில் பிரித்து, நேரத்தை எழுதிக் கையொப்பமிட வேண்டும். அடுக்கடுக்கான கட்டுப்பாடுதான். ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அந்த வினாக்களை ஒருவர் எழுதியிருக்கிறார். ஒருவர் அச்சுக் கோத்திருக்கிறார். ஒருவர் பிழை திருத்தியிருக்கிறார். முத்திரை எத்துணை உறுதியானாலும் உள்ளே இருப்பதை அறிந்தவர் வெளியே உலவுகின்றனர். சார்லியின் பிட் அத்தகையதன்று. அவர் அளக்கும் கணம்வரை அந்தப் பிட் உலகில் எங்கும் இல்லை. துகள்களைப் பின்னித் தந்தவருக்கும் தெரியாது, சார்லிக்கே தெரியாது. பூட்டைத் திறக்கும் சாவி, இசைவு தரும் அந்தக் கணத்தில்தான் பிறக்கிறது. பிறவாத சாவிக்குக் கள்ளச் சாவி செய்வார் யார்?

கூர்மதி படைத்த நேயர் ஒருவர் இவ்விடத்தில் மறுக்கக்கூடும். “சாதாரணப் பின்னல் இணையைக் கொடுத்து, ஒருவர் நாணயம் சுண்டி 180 பாகை ஐயத்தைத் தாமே புகுத்திவிட்டு, விழுந்தது தலையா பூவா என்பதைச் சார்லியிடம் சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதாதா? இதற்கு மும்மைப் பின்னல் ஏன்?” என்பார். நியாயமான கேள்விதான். பயன் ஒன்றையே நோக்கினால் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். சீட்டு எழுதியவரை முழுதும் நம்பலாமென்றால் சீட்டே போதும் என்று நானும் ஒப்புவேன். நம்ப முடியாதபோதுதான் வேறுபாடு தெரிகிறது. சீட்டுக்குப் படி உண்டா இல்லையா என்று சோதிக்க வழியே கிடையாது. பின்னலுக்கோ சோதனை உண்டு. பல தொகுதிகளை வாங்கி, அவற்றுள் சிலவற்றை எழுந்தமானமாக எடுத்து, மூவரும் பல திசைகளில் அளந்து ஒப்பிட்டால், நான்காவதாக ஒரு துகளை யாரேனும் மறைவாகப் பின்னி வைத்திருந்தால் அது விடைகளில் வெளிப்பட்டுவிடும்.

இனி அடுக்குகளுக்கு வருவோம். கட்டுப்பாட்டாளர் ஒருவர்க்குப் பதில் மூவர் இருக்கட்டும். மும்மைப் பின்னலை ஐம்மையாக விரித்து ஒவ்வொருவரிடமும் ஒரு துகளைக் கொடுத்தால், மூவரும் பேசினால்தான் வினை நிறைவேறும். இது சமநிலைக் கட்டுப்பாடு. அடுக்கு என்பது இதில் இல்லை. ஒரு பேச்சுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். துகள் கெடாமலும் ஆள் தவறாமலும் இருக்கும் வாய்ப்பு ஒருவருக்குப் பத்தில் ஒன்பது என்று கொண்டால், மூவரும் சரியாக அமையும் வாய்ப்பு ஆயிரத்துக்கு 729. நான்கில் ஒரு முறைக்கு மேல் வேலை கெடும். கெடுவது வேலை மட்டுமா? பாபின் கியூபிட்டும் அதனுடன் போய்விடும். படியெடுக்க முடியாத ஒரே பிரதி அது என்று முன்னரே சொன்னேன். கட்டுப்பாட்டாளரைக் கூட்டக் கூட்டப் பாதுகாப்புக் கூடும் என்று எண்ணுகிறோம். பாபுக்கு அது ஆபத்தைக் கூட்டுகிறது.

அடுக்கு அமைப்பு இதற்கு மாற்றாக வருகிறது. தலைவர் ஒருவர், உதவியாளர் இருவர் என்று வையுங்கள். பாபின் 180 பாகை ஐயத்தை இரண்டு கூறாக்கி, ஒரு கூற்றைத் தலைவரின் துகளோடும், மறு கூற்றை உதவியாளர் இருவரின் துகள்களோடும் பின்னுகிறோம். உதவியாளர் இருவரும் தம் துகள்களைத் துருவத் திசையில் அளந்தால் எப்போதும் ஒரே விடைதான் வரும். ஆகவே அவருள் யாரேனும் ஒருவர் சொன்னால் போதும். தலைவர் சொல்லாவிட்டால் உதவியாளர் இருவரும் கூடிப் பேசியும் பயனில்லை. உதவியாளர் எவரும் பேசாவிட்டால் தலைவர் மட்டும் பேசியும் பயனில்லை. முன்போலவே கணக்கிட்டால், தலைவருக்குப் பத்தில் ஒன்பது, உதவியாளரில் ஒருவரேனும் அமைய நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது. இரண்டையும் பெருக்கினால் ஆயிரத்துக்கு 891. ஆள் அதே மூவர்தாம். நூற்றுக்கு எழுபத்து மூன்று ஏறத்தாழ எண்பத்தொன்பதாக உயர்ந்துவிட்டது. இசைய வேண்டியவர் தொகை மூவரிலிருந்து இருவராகக் குறைந்தது இதற்கு நாம் கொடுக்கும் விலை.

இதனினும் எனக்குச் சுவையாகத் தோன்றுவது மறுப்பின் வலிமையில் உள்ள ஏற்றத்தாழ்வு. அலுவலகத்தில் ஓர் அதிகாரி கோப்பில் கையொப்பமிடாமல் நிறுத்தி வைக்கலாம். கோப்பையே எரித்துவிடவும் கூடும். முன்னதற்கு மருந்துண்டு, பின்னதற்கு இல்லை. இங்கும் அவ்வாறே. தலைவர் தம் துகளை அளக்க வேண்டிய திசையில் அளக்காமல் அதற்குக் குறுக்குத் திசையில் அளந்துவிட்டால், பாபின் கியூபிட் ஏதேனும் ஒரு துருவத்தில் போய் விழுந்துவிடும். பழைய நிலையை எவராலும் மீட்க முடியாது. தலைவர் தனியே கோப்பை எரிக்க வல்லவர். உதவியாளர் ஒருவர் அவ்வாறு தவறான திசையில் அளந்தாலோ யாதொரு கேடும் இல்லை. மற்றவர் தம் துகளை முறையாக அளந்து சொன்னால் காரியம் நிறைவேறும். இருவரும் சேர்ந்து கெடுத்தால்தான் கெடும். விதிமுறைப் புத்தகத்தில் எழுதி வைத்து வந்த அதிகார வேறுபாடு அன்று இது; துகள்கள் பின்னப்பட்ட முறையிலேயே அடங்கியிருக்கிறது. ஆகவே எந்த அமைப்பை வகுப்போரும், யார் இசைய வேண்டும் என்று கேட்பதோடு, யார் தனியே பாழாக்க முடியும் என்றும் கேட்டாக வேண்டும். இந்த இரண்டாம் கேள்வியைப் பலர் கேட்பதில்லை.

பெறுவோருள்ளேயே மேல், கீழ் என்று படி வகுக்கும் முறைகளும் உண்டு. மேல்படியில் உள்ளவர் கீழ்ப்படியார் ஒருவரின் துணையோடு நிலையை மீட்டுக் கொள்ளலாம். கீழ்ப்படியில் உள்ளவருக்கோ மற்ற அனைவரின் துணையும் வேண்டும். 2010-இல் தோன்றிய இக்கருத்தை 2013-இல் நொய்டாவில் பணியாற்றிய சித்ரா சுக்லா, அனிர்பன் பாதக் ஆகியோர் விரித்துப் பொதுமைப்படுத்தினர்.

காகிதத்தில் இவ்வளவும் சரி, சோதனைச்சாலையில் எவ்வளவு என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வினையைப் பெயர்ப்பதில் 2018-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் ஒரு படி முன்னேறினர். 2021-இல் ஜெர்மனியின் கார்கிங் நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிலையத்தார், 60 மீட்டர் ஒளியிழையால் இணைந்த இரண்டு சோதனைச்சாலைகளுக்கு இடையே ஒரு குவாண்டம் வினையை நிகழ்த்தினர். அதே ஆண்டில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் வைரக் கற்களைக்கொண்டு மூன்று நிலையங்கள் உள்ள வலை ஒன்று அமைந்தது. ஆலிஸ், பாப், சார்லி என்றே அந்நிலையங்களுக்குப் பெயர். மும்மைப் பின்னல் மூன்று நிலையங்களிலும் பரவி நின்றது அங்கேதான்.

2025-இன் தொடக்கத்தில் வெளியான ஆக்ஸ்போர்டு சோதனை நம் பொருளுக்கு மிக நெருங்கியது. இரண்டு மீட்டர் இடைவெளியில் இரண்டு பொறிகள். ஒவ்வொன்றிலும் மின்புலத்தால் தாங்கி நிறுத்திய ஸ்ட்ரான்ஷியம் அயனி ஒன்று, கால்சியம் அயனி ஒன்று. ஸ்ட்ரான்ஷியம் பின்னலை ஏற்கும் தூதன். கால்சியம் கணக்குப் பொருளைக் காத்து வைத்திருக்கும் பெட்டகம். ஓர் இணைப் பின்னலும் திசைக்கு ஒரு பிட்டும் செலவிட்டு, இரு பெட்டகங்களுக்கும் இடையே ஒரு வினையைப் பெயர்த்தனர். நான் மேலே விரித்த செலவுக் கணக்கு அப்படியே அங்குச் செல்லுபடியாயிற்று. அந்த வினை நூற்றுக்கு 86 அளவில் செம்மையாக அமைந்தது. அதனைக்கொண்டு தேடல் கணக்கு ஒன்றைச் செய்தபோது நூற்றுக்கு 71 முறை சரியான விடை வந்தது.

அந்தச் சோதனையில் சார்லி இல்லர். தலைவரும் உதவியாளரும் இல்லர். இடைவெளியோ என் மேசைக்கும் வாசற்படிக்கும் உள்ள தூரம். இதன்மேல் மூன்று துகள்களைக் கூடுதலாகப் பின்னி, அவற்றை வேறு வேறு ஊர்களில் உள்ளவரிடம் கொடுத்து, ஒவ்வொருவரும் வாய் திறக்கும்வரை கெடாமல் காத்து வைக்க வேண்டுமென்றால், ஒவ்வொரு துகளும் தன் பங்குக்கு அந்த 86-ஐக் குறைக்கும். எந்தப் படியில் எத்தனை பேர் என்று முடிவு செய்வதற்கு முன், எவ்வளவு நேரம் ஒரு துகள் தாங்கும் என்பதைத்தான் பொறியாளர்கள் இப்போது அளந்துகொண்டிருக்கிறார்கள்.